தொட்டபெட்டாவின் உயரம் எவ்வளவு? மாணவர் ஆய்வுக்கு உதவும் இணையதளங்களும் சான்று காட்டும் முறையும்

உதகையில் இளங்கலை மாணவர் சிலர் நீலகிரியைப் பற்றி எழுதிய ஒப்படைப்புகளைப் படித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. ஒருவர் தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அதையே 2,623 மீட்டர் என்று எழுதியிருந்தார். இருவரும் எண்ணைத் தாமாக இட்டுக்கட்டவில்லை. இரண்டு எண்களுமே இணையத்தில் பல இடங்களில் காணக்கிடைப்பவைதாம். ஆனால் கட்டுரையின் இறுதியில் ‘ஆதாரம்’ என்ற தலைப்பின் கீழ் இருவரும் எழுதியிருந்தது ஒரே சொல்: ‘இணையம்’. எந்தத் தளம், யார் எழுதியது, எந்த ஆண்டு என்ற விவரம் எதுவும் இல்லாததால், இரண்டில் எது அளந்து சொன்ன எண், எது பார்த்து எழுதிய எண் என்று தேடிப் போக வழியே இல்லாமற்போயிற்று.

சான்று காட்டுதல் என்பதன் பொருளை விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு தேவையில்லை. படிப்பவர் ‘இந்தச் செய்தி உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?’ என்று கேட்டால், அவரைக் கைபிடித்து அந்தப் பக்கத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும் அளவுக்கு விவரம் தருவதே சான்று. பிறருடைய உழைப்புக்கு மதிப்பளிப்பதும், கருத்துத் திருட்டு என்ற குற்றச்சாட்டிலிருந்து நம்மைக் காத்துக்கொள்வதும் அதனால் கிடைக்கும் பயன்கள். ஆயினும் முதற்பயன் சரிபார்க்க முடிவதே. நூலகங்கள் பெரும்பாலும் சமவெளி நகரங்களில் இருக்க, கோத்தகிரியிலும் கூடலூரிலும் பந்தலூரிலும் இருந்து படிக்கும் மாணவருக்கு இணையதளங்களே பெரிய நூலகம். ஆகவே எங்கே தேடுவது என்பதையும், தேடிக் கண்டதை எப்படிக் குறிப்பிடுவது என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

எல்லா வாக்கியத்துக்கும் சான்று தேட வேண்டியதில்லை. நீலகிரி தமிழ்நாட்டில் உள்ளது, தேயிலை மலைப்பயிர் என்பன போன்ற பொதுச் செய்திகளுக்குச் சான்று கேட்பவர் எவரும் இல்லை. ஆனால் எண், ஆண்டு, பிறருடைய கருத்து, பிறர் கண்டறிந்த முடிவு, பிறருடைய சொற்கள் ஆகிய ஐந்தில் எது வந்தாலும் சான்று உடன் வர வேண்டும். ஐயம் ஏற்பட்டால் கொடுத்துவிடுவதே நல்லது. கூடுதலாகச் சான்று கொடுத்ததற்காக மதிப்பெண் குறைத்த நெறியாளரை நான் கண்டதில்லை.

தேடும் சொல்லே முதல் கருவி

தேடுபொறியில் எதைத் தட்டச்சு செய்கிறோம் என்பதில்தான் பாதி ஆய்வு அடங்கியிருக்கிறது. நீலகிரியைப் பற்றிய ஆங்கில நூல்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கிடைக்கின்றன. அவற்றில் ஊர்ப்பெயர்களும் மக்கட்பெயர்களும் இன்றைய எழுத்துக்கூட்டலில் இல்லை. உதகமண்டலம் அன்று ‘ஊட்டகமண்ட்’. நீலகிரி சில நூல்களில் ‘நெயில்கெரி’ என்று படிக்கும்படி எழுதப்பட்டிருக்கும். எச்.பி. கிரிக் 1880இல் தொகுத்த மாவட்டக் கையேட்டின் தலைப்பிலோ, இன்று நாம் ஆங்கிலத்தில் எழுதும் பெயரில் எல் எழுத்துக்கும் ஜி எழுத்துக்கும் இடையே ஓர் ஏ எழுத்துக் கூடுதலாக இருக்கிறது. படகர் சமூகத்தைப் பழைய ஆங்கில நூல்கள் ‘பர்கர்’ என்றும் குறிப்பிட்டன. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் ஆகியவற்றுக்கும் இப்படி இரண்டு மூன்று வடிவங்கள் உண்டு. இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் வைத்துத் தேடும் மாணவர், 100 ஆண்டுக்கு முந்தைய சான்றுகள் ஒன்றுமே இல்லை என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவார். ஆகவே தேடத் தொடங்குமுன், உங்கள் தலைப்பில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ள எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தாள் பின்னர் மிச்சப்படுத்தும் நாட்கள் பல.

இரண்டு சிறு உத்திகளும் உதவும். ஒரு தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால், அந்தச் சொற்கள் அதே வரிசையில் வரும் பக்கங்களே முன்வரும். ‘சைட்’ (site) என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளி விடாமல் ஒரு தளத்தின் முகவரியைச் சேர்த்தால், தேடல் அந்தத் தளத்துக்குள் மட்டும் நிகழும். அரசு தளங்களுக்குப் பொதுவான இறுதிப் பகுதியை (gov.in) இப்படிச் சேர்த்துத் தேடினால், தங்கும் விடுதி விளம்பரங்கள் எல்லாம் விலகிப் போகும். நீலகிரி என்று தேடுபவருக்கு முதல் இரண்டு பக்கமும் விடுதிகளாகவே வருவது நாம் அனைவரும் அறிந்த தொல்லை.

எந்தத் தளத்தில் என்ன கிடைக்கும்

பொதுத் தேடுபொறிக்கு அடுத்த படி கூகுள் ஸ்காலர். 2004ஆம் ஆண்டு தொடங்கிய இத்தளம் ஆய்விதழ்க் கட்டுரைகள், ஆய்வேடுகள், நூல்கள் முதலியவற்றை மட்டும் தேடித் தருகிறது. ஒவ்வொரு முடிவின் கீழும் அக்கட்டுரையைப் பின்னர் எத்தனை பேர் மேற்கோள் காட்டியுள்ளனர் என்ற எண் இருக்கும். அதைத் தொட்டால் அவர்கள் எழுதிய கட்டுரைகளின் பட்டியல் திறக்கும். தொடக்கநிலை ஆய்வாளருக்கு இதைவிடப் பயனுள்ள வசதி வேறில்லை என்பது என் கருத்து. ஒரு கட்டுரையின் துணைநூற்பட்டியல் உங்களைப் பின்னோக்கி அழைத்துச் செல்கிறது. இந்த எண்ணோ முன்னோக்கி அழைத்துச் செல்கிறது. நீலகிரியின் சோலைக்காடுகளைப் பற்றி 1990களில் வந்த ஒரு கட்டுரையைக் கண்டுவிட்டால், அதை மறுத்தவர் யார், வளர்த்தவர் யார் என்பதை இவ்வழியில் சில நிமிடங்களில் அறிந்துகொள்ளலாம். முடிவின் வலப்புறத்தில் பிடிஎஃப் என்று காட்டினால் கட்டணமின்றிப் படிக்கலாம். காட்டாவிட்டாலும் ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற பொருள் தரும் இணைப்பைத் திறந்து பாருங்கள். கட்டுரையாளரே தம் நிறுவனத் தளத்தில் ஏற்றி வைத்த படி அங்கே கிடைக்கக்கூடும்.

நம் நாட்டு மாணவருக்கு ஸ்காலரைவிடவும் நெருக்கமானது சோத்கங்கா. குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் இத்தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பாரதியார் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், கொடைக்கானலில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் போன்றவற்றின் ஆய்வேடுகள் இங்கு உள்ளன. தமிழில் எழுதப்பட்டவையும் பல. ஒவ்வோர் ஆய்வேடும் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிக்கப்பட்டிருப்பது மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வரம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடலூர்ப் பக்கம் மின்சாரமும் அலைபேசிச் சமிக்ஞையும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும்போது, 300 பக்கக் கோப்பை ஒரே மூச்சில் பதிவிறக்குவது நடவாத காரியம். தேவையான இயலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆய்வேட்டைத் திறந்ததும் முன்னுரையைப் படிக்காதீர்கள். முதலில் கடைசிக் கோப்பைத் திறந்து துணைநூற்பட்டியலைப் பாருங்கள். அதே தலைப்பில் நான்கைந்து ஆண்டுகள் உழைத்த ஒருவர் எந்தெந்த நூல்களைத் தேடினார் என்பது அங்கே வரிசையாக இருக்கும். ஆனால் ஆய்வேடு என்பதாலேயே அதில் உள்ளதெல்லாம் சரியாகிவிடாது. ஆய்வேட்டின் தரம் ஆளுக்கு ஆள் மாறுபடுவது. முந்தைய ஆய்வேட்டின் பிழையை அப்படியே வழிமொழிந்தவையும் உண்டு. முக்கியமான செய்தியாக இருந்தால், அந்த ஆய்வாளர் சான்று காட்டிய மூலநூலுக்கே போய்ப் பார்ப்பது கடமை.

அந்த மூலநூல் பழையதாக இருந்தால் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற தளம் கைகொடுக்கும். 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த இணைய நூலகத்தில், காப்புரிமைக் காலம் முடிந்த ஏராளமான நூல்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டுள்ளன. டபிள்யூ. பிரான்சிஸ் எழுதி 1908இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட நீலகிரி மாவட்ட கெஜட்டியர் என்ற விவரத்தொகுப்பு, மேலே சொன்ன கிரிக்கின் கையேடு, நீலகிரிப் பழங்குடியினரான தொதவரைப் பற்றி டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட பெருநூல் ஆகியவை அங்கே படிக்கக் கிடைக்கின்றன. நூலின் உள்ளே சொற்களைத் தேடும் வசதியும் உண்டு. ஆங்கில எழுத்துக்களை அது ஓரளவு நன்றாகவே அடையாளம் காண்கிறது. பழைய தமிழ் அச்செழுத்துக்களில் பெரிதும் தடுமாறுகிறது. தமிழ் நூலில் தேடிச் சொல் கிடைக்கவில்லை என்றால், அந்த நூலில் அச்சொல் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

காலனிய அலுவலர்கள் எழுதிய நூல்களைப் பயன்படுத்தும்போது இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். ஓர் ஊரில் எத்தனை வீடுகள் இருந்தன, சாலை எப்போது போடப்பட்டது என்பன போன்றவற்றுக்கு அவை அரிய சான்றுகள். மலைவாழ் மக்களின் இயல்பைப் பற்றி அவை கூறும் தீர்ப்புகளோ, எழுதியவருடைய காலத்துக்கும் அதிகாரத்துக்கும் சான்றுகளே தவிர, அம்மக்களுக்குச் சான்றுகள் ஆகா. ஆகவே அவற்றை ‘தொதவர் இத்தகையவர்’ என்று உங்கள் வாக்கியமாக எழுதாமல், ‘1906இல் ரிவர்ஸ் இவ்வாறு எழுதினார்’ என்று அவருடைய கூற்றாகவே எழுதுங்கள்.

தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் முதலிடம் பெறும். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்ட இந்த அரசு நிறுவனம், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள், பழைய இதழ்கள், சுவடிகள் முதலியவற்றைப் பட வடிவில் தருகிறது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பால் இலக்கியங்களைத் தட்டச்சு செய்த எழுத்து வடிவில் தருகிறது. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு: முன்னதில் நூலின் பக்கத்தையே பார்க்கிறோம், ஆகவே பக்க எண்ணைக் குறிப்பிடலாம், பின்னதில் சொல்லைத் தேடுவது எளிது, ஆனால் அச்சுப் பக்க எண் பெரும்பாலும் இராது. மதுரைத் திட்டத்தில் தேடிக் கண்டுபிடித்து, மின்னூலகத்தில் சரிபார்த்துப் பக்க எண் எடுப்பது நல்ல பழக்கம்.

புள்ளிவிவரங்களுக்கு மூன்றாம் மனிதரை நம்ப வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கையேடு உள்ளது. நீலகிரியின் மக்கள்தொகை 2001இல் 7,62,141 ஆகவும் 2011இல் 7,35,394 ஆகவும் இருந்தது. அதாவது பத்தாண்டில் சுமார் 3.5 விழுக்காடு குறைந்தது. நாடெங்கும் மக்கள்தொகை கூடிவந்த காலத்தில் ஒரு மாவட்டத்தில் குறைந்தது என்று எழுதினால், படிப்பவர் அச்சுப்பிழை என்றே எண்ணுவார். வியப்பூட்டும் செய்தி எதுவோ அதற்குத்தான் வலுவான சான்று வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம். குறைவுக்கான காரணத்தை அந்த எண்கள் கூறுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். காரணம் எழுதப் புகுந்தால் அதற்கு வேறு சான்று தேவை.

மலை ரயிலைப் பற்றி எழுதுவோர் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தளத்தைப் பார்க்கலாம். 45.88 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதைக்கான முதல் திட்டம் 1854இல் முன்வைக்கப்பட்டது என்றும், பணி 1891இல் தொடங்கி 1908இல் நிறைவடைந்தது என்றும் அங்கே உள்ளது. ஆனால் ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1899 என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். அவர்களும் தவறாக எழுதவில்லை: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பகுதி 1899இல் திறக்கப்பட்டது, உதகை வரையிலான நீட்டிப்பு 1908இல் முடிந்தது. இரண்டு சான்றுகள் முரண்படுவதாகத் தோன்றும்போது, முதலில் இரண்டும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்று பார்க்க வேண்டும். தொட்டபெட்டாவின் உயரத்தில் அந்த வழியும் இல்லை. ஒரே சிகரத்துக்கு இரண்டு எண்கள். அத்தகைய இடத்தில் நீங்கள் ஏற்றுக்கொண்ட எண்ணை அதன் சான்றுடன் எழுதி, மற்ற எண் எந்தச் சான்றில் உள்ளது என்பதை அடிக்குறிப்பில் தெரிவித்துவிடுவதே நேர்மையான முறை.

ஆய்விதழ்க் கட்டுரைகள் பல கட்டணச் சுவருக்குப் பின்னால் இருப்பது பழைய குறை. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின்கீழ், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவன மாணவர்கள் படிக்க முடியும். உங்கள் கல்லூரி அதில் பதிவு செய்துள்ளதா என்று நூலகரிடம் கேளுங்கள். கேட்காததாலேயே பயன்படாமல் கிடக்கும் வசதி இது. மற்றவர்களுக்கு, கட்டணமில்லா இதழ்களின் அடைவான டோஆஜ் உண்டு. மனிதவியல், வரலாறு போன்ற துறைகளுக்கு ஜேஸ்டோர் உண்டு, அதில் தனிநபராகப் பதிவு செய்துகொண்டால் குறிப்பிட்ட அளவு கட்டுரைகளை இலவசமாகத் திரையில் படிக்கலாம். மருத்துவத்துக்கும் உயிரியலுக்கும் பப்மெட். வேளாண் ஆய்வேடுகளுக்குக் கிருஷிகோஷ். பழனி மலைப்பக்கம் இருந்து கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பற்றி எழுதுவோருக்கு ஒரு தனி வசதி: 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு பாய்வதை அங்கேதான் கண்டறிந்தார், அந்த ஆய்வகத்தின் பழைய வெளியீடுகளை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன் இணையக் களஞ்சியத்தில் பொதுவில் வைத்திருக்கிறது.

விக்கிப்பீடியாவைப் பார்க்கக் கூடாது என்று சில ஆசிரியர்கள் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. பார்க்கலாம், சான்றாகக் காட்டக் கூடாது. கட்டுரையின் அடியில் உள்ள குறிப்புகளைத் திறந்து, அச்செய்தி வந்த மூலத்தைப் படித்து, அந்த மூலத்தைச் சான்றாகக் காட்டுங்கள். அடிக்குறிப்பே இல்லாத செய்தியாக இருந்தால் விட்டுவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் மேலும் கவனம் தேவை. தலைப்பைக் கொடுத்து நூற்பட்டியல் கேட்டால், இல்லாத நூலுக்கு, உண்மையில் இருக்கும் ஓர் ஆசிரியரின் பெயரையும் நம்பத்தகுந்த ஆண்டையும் இட்டுத் தந்துவிடும் இயல்பு அவற்றுக்கு உண்டு. அவை தரும் ஒவ்வொரு தலைப்பையும் ஸ்காலரிலோ நூலகப் பட்டியலிலோ தேடி, நூலைக் கண்ணால் கண்ட பின்னரே எழுத வேண்டும். வாய்மொழித் தேர்வில் ‘இந்த நூலை எங்கே படித்தீர்கள்?’ என்று கேட்கும்போது விழிப்பது பரிதாபமான காட்சி.

கண்டதைக் குறிப்பிடும் முறை

ஒரு சான்றுக்கு நான்கு கேள்விகளின் விடை போதும்: யார் எழுதியது, எப்போது வெளிவந்தது, தலைப்பு என்ன, எங்கே கிடைக்கும். கடைசிக் கேள்விக்கான விடை நூலுக்குப் பதிப்பகம். இதழ்க் கட்டுரைக்கு இதழின் பெயர், தொகுதி, இதழ் எண், பக்கங்கள். இணையப் பக்கத்துக்கு முகவரி. ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ, வான்கூவர் என்று பல பெயர்களில் வழங்கும் முறைகள் எல்லாம் இந்த நான்கையும் வரிசை மாற்றி, நிறுத்தற்குறி மாற்றி அடுக்குபவையே. சமூக அறிவியலில் ஏபிஏ மிகுதி. அது ஆண்டை முன்னிறுத்துகிறது. இலக்கியத்தில் எம்எல்ஏ, அது பக்கத்தை முன்னிறுத்துகிறது. வரலாற்றுத் துறையினர் அடிக்குறிப்பு இடும் சிகாகோ முறையை விரும்புவர். மருத்துவத்தில் வான்கூவர் எண்முறை. எதைப் பின்பற்றுவது என்பதை உங்கள் துறையோ நெறியாளரோ சொல்வார். ஒன்றைத் தொடங்கினால் கடைசி வரை அதுவே. இம்முறைகளின் விளக்கங்கள் பர்டூ பல்கலைக்கழகத்தின் எழுத்துக்கூடத் தளத்தில் எடுத்துக்காட்டுகளுடன் இலவசமாக உள்ளன.

பிரான்சிஸின் கெஜட்டியரை எடுத்துக்கொண்டால், கட்டுரையின் நடுவே ‘(பிரான்சிஸ், 1908)’ என்று அடைப்புக்குள் எழுதி, நேர் மேற்கோளாயின் பக்க எண்ணையும் சேர்த்து, இறுதிப் பட்டியலில் ‘பிரான்சிஸ், டபிள்யூ. (1908)’ என்று தொடங்கி, நூலின் தலைப்பையும் சென்னை அரசு அச்சகம் என்பதையும் தர வேண்டும். 2019இல் வந்த ஏபிஏ ஏழாம் பதிப்பு பதிப்பகத்தின் ஊரைக் குறிப்பிடத் தேவையில்லை என்றது; நம் தமிழ்த்துறைகளில் இன்னும் ஊர்ப்பெயர் எழுதும் வழக்கமே நிலவுகிறது. நீங்கள் ரிவர்ஸின் நூலைப் பார்க்காமல், வேறோர் ஆய்வேட்டில் எடுத்தாளப்பட்ட அவருடைய வரிகளைப் படித்திருந்தால், ரிவர்ஸைப் படித்ததுபோல் காட்டக் கூடாது. ‘ரிவர்ஸ், 1906, இன்னார் எடுத்தாண்டபடி’ என்று உண்மையைச் சொல்லிப் பட்டியலில் அந்த ஆய்வேட்டையே சேர்க்க வேண்டும்.

இதழ்க் கட்டுரைக்கு டிஓஐ என்ற எண் இருந்தால் தவறாமல் எழுதுங்கள். 10 என்று தொடங்கும் அந்த எண் கட்டுரைக்கு ஆதார் எண் போன்றது; இதழின் தளம் முகவரி மாறினாலும் அது மாறுவதில்லை. சாதாரண இணையப் பக்கங்களுக்கு அந்த உறுதி கிடையாது. அரசுத் தளங்களில்கூடச் சென்ற ஆண்டு திறந்த பக்கம் இந்த ஆண்டு இல்லாமற்போவது வாடிக்கை. ஆகவே பார்த்த நாளைக் குறித்துக்கொள்வதோடு, இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷின் பகுதியில் அந்த முகவரியை இட்டு ஒரு படி சேமித்துவிடுங்கள். அது நாளும் நேரமும் பொறித்த நிலையான முகவரி ஒன்றைத் தரும்.

தமிழ்ப் பெயர்கள்தாம் இம்முறைகளுக்குப் பெரிய சோதனை. மேலைநாட்டு முறை குடும்பப் பெயரை முதலில் எழுதச் சொல்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. உ.வே. சாமிநாதையரைத் தமிழ்ப் பட்டியலில் ‘சாமிநாதையர், உ.வே.’ என்று எழுதுவதே சரி. ஆனால் ஆங்கிலத்தில் சாமிநாத, ஐயர் என்று பிரித்து எழுதப்பட்ட பெயரைக் கருவிகள் காணும்போது, ‘ஐயர்’ என்பதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு அவரை வேறோர் எழுத்தின் கீழ் கொண்டுபோய் வைக்கக்கூடும். கடவுச்சீட்டுக்காக முதலெழுத்தை விரித்தெழுதிய இன்றைய ஆய்வாளர்கள் பலர், தாம் எழுதிய கட்டுரைக்குத் தம் தந்தையின் பெயரால் மேற்கோள் காட்டப்படுகிறார்கள். ஆகவே ஸ்காலரின் மேற்கோள் பொத்தான் தருவதை அப்படியே ஒட்டாமல், பெயரை மட்டுமாவது கையால் திருத்துங்கள். தமிழ் நூல்களையும் ஆங்கில நூல்களையும் தனித்தனிப் பட்டியலாகத் தந்து, தமிழை அகர வரிசையில் அடுக்குவது வழக்கம்.

பழந்தமிழ் நூல்களில் பக்க எண்ணைவிடப் பாடல் எண்ணே சிறந்த சான்று. ‘கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும்’ என்ற அடிகளைக் குறிஞ்சி மலரைப் பற்றிய கட்டுரையில் எடுத்தாண்டால், ‘குறுந்தொகை 3: 3-4’ என்று எழுதினாலே எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் கண்டுபிடித்துவிடுவார், நீங்கள் பயன்படுத்திய பதிப்பைப் பட்டியலில் தந்தால் போதும். பழைய அச்சு நூல்கள் சிலவற்றில் ஆங்கில ஆண்டு இராது. கீலக வருஷம் என்பது போன்ற தமிழாண்டு மட்டும் இருக்கும். கீலக 1908 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு. ஆனால் அறுபதாண்டுச் சுழற்சியில் 1968லும் அதே பெயர் வந்தது. தாளையும் அச்சகத்தையும் பார்த்து எந்தச் சுற்று என்று உறுதி செய்த பின்னரே ஆங்கில ஆண்டை எழுத வேண்டும்.

பட்டியலைக் கையால் நிர்வகிப்பது 20 நூல்களுக்கு மேல் கடினம். 2006இல் வெளிவந்த சொடேரோ என்ற இலவச மென்பொருள், உலாவியில் திறந்திருக்கும் கட்டுரையின் விவரங்களை ஒரு சொடுக்கில் சேமித்து, கேட்ட முறையில் பட்டியலாக்கித் தரும். முறையை மாற்றச் சொன்னாலும் நொடியில் மாற்றித் தரும். தமிழ்க் கட்டுரையில் மட்டும், பக்கத்துக்கு ‘ப.’ என்றும் மேற்சொன்ன சான்றுக்கு ‘மேலது’ என்றும் எழுதும் நம் வழக்கத்தை நாமேதான் திருத்திச் சேர்க்க வேண்டியிருக்கும்.

கருத்துத் திருட்டைப் பற்றி ஒரு சொல். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை; 40 வரை போனால் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும்; 60 வரை போனால் ஓராண்டு காத்திருக்க வேண்டும்; அதற்கும் மேற்பட்டால் பதிவே நீக்கப்படும். ஆனால் ஒற்றுமை காட்டும் மென்பொருள் சொற்களைத்தான் ஒப்பிடுகிறது. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்துத் தம்முடையதாக எழுதுபவர் அதில் அகப்படாமல் போகலாம், அதுவும் திருட்டே. சொற்கள் உங்களுடையவையாக இருந்தாலும் கருத்து பிறருடையதாயின் சான்று வேண்டும்.

இனி, எந்தத் தளத்திலும் இல்லாத சான்றுகள். நீலகிரியைப் பற்றிய ஆய்வில் இவையே மிகுதி. படகர் ஊரான ஒரு ஹட்டியின் பெயர்க்காரணம், தொதவர் குடியிருப்பான மந்தில் நடக்கும் ஒரு சடங்கின் விவரம், தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் குடும்பத்தின் கதை ஆகியவற்றை அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டுத்தான் எழுத முடியும். கேட்டறிந்த செய்தியும் சான்றே. அதற்கும் பெயர், வயது, ஊர், உரையாடிய நாள் ஆகியவற்றுடன் தகவலாளர் பட்டியல் இணைக்க வேண்டும். பெயரை வெளியிடலாமா என்று முன்கூட்டியே கேட்டு, ஒலிப்பதிவுக்கும் தனியாக ஒப்புதல் பெற வேண்டும். விருப்பமில்லை என்றால் ‘தகவலாளர் 4, பெண், கோத்தகிரி வட்டம்’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, உண்மையான பெயரை உங்கள் குறிப்பேட்டில் மட்டும் வைத்திருங்கள். சிறிய ஹட்டியாயின் ஊர்ப்பெயரையும் வயதையும் சேர்த்து எழுதினாலே ஆள் தெரிந்துவிடும். ஆய்வு முடிந்ததும் அவர் சொன்னதை எழுதிய பக்கங்களைக் கொண்டுபோய் அவருக்கே படித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் அச்சாகுமுன் அவரே திருத்தித் தருவார்.